கவிஞர் ஜோன் டன்: வாழ்வும் வாழும் புகழும்

புலவர் பெறும் புகழ் பலதிறப்பட்டது. வாழுங் காலத்திலே மாலையும் மரியாதையும் பெற்று, மறைந்த சில ஆண்டுகளில் மறக்கப்படுவோர் ஒரு சாரார். வாழ்ந்த நாளில் அறிவாரின்றி வாடி, இறந்தபின் ஏற்றம் பெறுவோர் மற்றொரு சாரார். ஆங்கிலக் கவிஞராகிய ஜோன் டன் இவ்விரு சாராருள்ளும் அடங்கார். வாழ்ந்த காலத்தில் அவர் பெரும் பெயர் பெற்றவரே. ஆயின் அது பிரசங்கியார் என்னும் பெயர். அவர்தம் கவிதைகளோ நண்பர் கைகளிலே கையெழுத்துப் படிகளாக உலவின. இறந்தபின் ஒரு தலைமுறைக் காலம் அவை போற்றப்பட்டன. பின்னர் இரு நூற்றாண்டுகள் பெரும்பாலும் புறக்கணிக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டிலே மீண்டும் எழுந்து, கடல் கடந்து, மொழி கடந்து, உலகெங்கும் பரவின.

இத்துணை நீண்ட உறக்கத்தின் பின் ஒரு கவிஞர் விழித்தெழுந்தமைக்குக் காரணம் யாது? அவர் வாழ்க்கையை அறிந்தாலன்றி இவ்வினாவுக்கு விடை காண்டல் அரிது. ஆதலின் முதற்கண் அவர் வரலாற்றை நோக்குவாம்.

டன் 1572ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே பிறந்தார். தந்தையார் இரும்பு வணிகர், செல்வர். அவர் 1576இல் இறந்துபடவே, தாயார் எலிசபெத்து ஒரு வைத்தியரை மறுமணஞ் செய்து பிள்ளைகளை வளர்த்தார். தாய்வழிக் குடும்பம் கல்விக்கும் கத்தோலிக்கப் பற்றுக்கும் பெயர் பெற்றது. தாயின் தந்தை ஜோன் ஹேவூட் என்னும் நாடகாசிரியர். தாய்மாமன் ஒருவர் இயேசு சபைக் குருவாகிச் சிறையும் நாடுகடத்தலும் கண்டவர். தம் மனச்சாட்சியின் பொருட்டு எட்டாம் ஹென்றி மன்னன் காலத்திலே தலையிழந்த சேர் தோமஸ் மோர் இக்குடும்பத்துக்கு உறவினர். இத்தகைய மரபிலே பிறந்த குழந்தைக்குப் பாலோடு புகட்டப்பட்டது அச்சமும் வீரமும் கலந்த ஒரு சமயப் பற்றாகும். எலிசபெத்து மகாராணியின் ஆட்சியிலே கத்தோலிக்கர் தம் வழிபாட்டை மறைவிலே நடத்தினர்; குருமாரை ஒளித்து வைத்தோர் உயிரிழக்கவும் நேர்ந்தது.

1584இல், பன்னிரண்டு வயதளவில், டன் தம் தம்பி ஹென்றியுடன் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். பட்டம் பெற விரும்புவோர், முடியே திருச்சபைக்கு மேலானது எனச் சத்தியஞ் செய்தல் வேண்டும் என்பது அக்காலச் சட்டம். கத்தோலிக்கராகிய டன் அச்சத்தியத்தைச் செய்தாரல்லர்; ஆகவே பட்டமும் பெற்றாரல்லர். கற்றவனுக்கு அவன் சமயத்தின் பொருட்டுப் பட்டம் மறுக்கப்படுவதன் பொருளை இந்துக் கல்லூரி ஒன்றின் மாணவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 

பின்னர் 1592இல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலே சேர்ந்தார். அங்கே பகற்பொழுதிலே சட்டமும், சமயவாதமும், பன்மொழி நூல்களும் கற்றார். மாலைப்பொழுதிலே நாடகமும் நண்பர் கூட்டமும் நாடினார். அவருடைய காதற் கவிதைகள் பலவும் அங்கதக் கவிதைகளும் எழுந்தது இக்காலத்திலேயே. ஆயின் இக்களிப்பினூடே ஒரு பேரிடி விழுந்தது. 1593இல் தம்பி ஹென்றி, கத்தோலிக்கக் குரு ஒருவரைத் தம் அறையிலே மறைத்து வைத்திருந்தார் என்னும் குற்றத்துக்காகச் சிறைப்பட்டார். நியூகேற் சிறையிலே பரவியிருந்த கொள்ளைநோய் அவ்விளைஞரை விசாரணைக்கு முன்னரே கொண்டு சென்றது. அக்குருவானவர் அடுத்த ஆண்டிலே கொடிய முறையிற் கொல்லப்பட்டார். இருபத்தோராண்டு நிரம்பிய டன்னின் உள்ளத்தை இச்சாவு எவ்வாறு உலுக்கியிருக்கும் என்பதை நாம் ஊகித்தே அறிதல் வேண்டும். மரணத்தைப் பற்றி அவர்போல ஓயாது சிந்தித்த ஆங்கிலக் கவிஞர் வேறொருவர் இலர்.

1596இல் காடிஸ் துறைமுகத்தின்மேற் சென்ற படையிலும், 1597இல் அசோர்ஸ் தீவுகளை நோக்கிச் சென்ற கடற்படையிலும் டன் தொண்டராகச் சேர்ந்தார். திரும்பி வந்ததும் நல்லூழ் அவர் வாயிலைத் தட்டியது. நாட்டின் பெருமுத்திரைக் காப்பாளராகிய சேர் தோமஸ் எகேட்டன் அவரைத் தம் செயலாளராக ஏற்றுக்கொண்டார். 1601இல் பாராளுமன்ற உறுப்பினருமானார். உயர்பதவி கையெட்டும் தூரத்தில் நின்றது.

அவ்வேளையிலே அவர் செய்த ஒரு செயல் அவர் வாழ்வை இரு கூறாக்கிற்று. எகேட்டனின் மனைவியாருக்கு ஆன் மோர் என்னும் பதினேழு வயதளவான மருமகள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் டன்னுக்கும் காதல் அரும்பிற்று. 1601ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே, தந்தையின் இசைவின்றி, இருவரும் மறைவாக மணஞ் செய்துகொண்டனர். சில வாரங்களின் பின் செய்தி வெளிப்பட்டது. பெண்ணின் தந்தை சேர் ஜோர்ஜ் மோர் சினங்கொண்டு மருமகனைச் சிறையிலிடச் செய்தார். மணத்தை நடத்தி வைத்த நண்பரும் சாட்சியாக நின்ற நண்பரும் உடன் சிறைப்பட்டனர். எகேட்டன் தம் செயலாளரை வேலையினின்று நீக்கினார். திருமணம் சட்டப்படி செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. ஆனால் இழந்த பதவி மீளவில்லை.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் டன் பட்ட இடர் பெரிது. மனைவியின் உறவினர் வீட்டில் ஒதுக்கிடம், பின்னர் மிச்சம் என்னும் ஊரிலே ஈரம் படிந்த சிறு வீடு, ஆண்டுதோறும் பெருகும் குடும்பம், நிலையான வருவாய் இன்மை, நோய், பிள்ளைகளின் சாவு. தற்கொலை எந்நிலையிலும் பாவமாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை என வாதிக்கும் நூல் ஒன்றையும் இக்காலத்தே அவர் எழுதினார். அதனை அச்சிடாது நண்பரிடமே ஒப்படைத்தார். வறுமை அவரைப் புரவலர் வாயில்களுக்கும் இட்டுச் சென்றது. தாம் கண்டும் அறியாத ஒரு செல்வர் மகள் இளமையில் இறந்தபோது, அவள் சாவினால் உலகமே உயிரிழந்தது என நீண்ட பாடல்கள் இயற்றி 1611இலும் 1612இலும் அச்சேற்றினார். இப்புகழ்ச்சி எல்லை கடந்தது என அவர் நண்பராகிய பென் ஜோன்சனே இடித்துரைத்தார். எனினும், கோப்பணிக்கசும் கலிலியோவும் காட்டிய புதிய வானியலால் பழைய உலகக் காட்சி சிதறுண்டபோது மனிதர் உள்ளத்தெழுந்த திகைப்பை முதன்முதல் ஆழ்ந்துரைத்த ஆங்கிலப் பாடல்களுள் இவையும் அடங்கும்.

இனி, டன்னின் வரலாற்றிலே நாம் கடந்து செல்லவியலாத வினாவொன்று உண்டு. தம்பி உயிரிழந்ததும், தாயார் தாங்கி நின்றதுமான சமயத்தை அவர் கைவிட்டார். ஆங்கிலத் திருச்சபையிலே சேர்ந்தார். 1610இல், கத்தோலிக்கர் மன்னருக்கு விசுவாசச் சத்தியஞ் செய்தல் முறையே எனவும், செய்ய மறுத்து இறப்போர் உண்மைத் தியாகிகளாகார் எனவும் நிறுவும் நூலொன்றை வெளியிட்டு ஜேம்ஸ் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். முன்னர்ப் பட்டம் மறுத்த ஒக்ஸ்போட் அவ்வாண்டிலேயே அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கிற்று. இஃது உள்ளம் தெளிந்த மாற்றமா? பதவி நாடிய மாற்றமா?

பதவி நாடியவர் என்போர் கூற்றைத் தள்ளிவிடுதல் எளிதன்று. அவர் ஆண்டுக்கணக்கில் பெரியோர் தயவை நாடித் திரிந்தவர். ஆனால் மறுபக்கமும் உண்டு. இளமையிலேயே இரு பக்கத்துச் சமயவாத நூல்களையும் அவர் ஒருங்கே கற்று ஆராய்ந்தார். 1607இல் குருப்பட்டம் ஏற்றால் வருவாயுள்ள பதவி தருவதாக நண்பரொருவர் அழைத்தபோது, வறுமையின் நடுவிலும் அவர் மறுத்தார் என்று வரலாறு கூறும். யாவற்றினும் மேலான சான்று அவருடைய பாடலொன்றே. மெய்யான திருச்சபை எது எனத் தமக்குக் காட்டியருளுமாறு இறைவனை இரக்கும் அப்பாடலை அவர் வெளியிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அஃது அச்சாயிற்று. விடை கண்டுவிட்டதாகப் பேராலயத்திலே முழங்கியவர் தனியறையிலே அவ்வினாவை விடாது கேட்டுக்கொண்டிருந்தார் என்றே நாம் கொள்கின்றோம். அவரைக் குற்றமற்றவரென விடுவிக்கவும், துரோகியெனத் தள்ளவும் நாம் துணியோம். அவர் கவிதைக்கு இன்றுமுள்ள துடிப்பு இவ்வமைதியின்மையிற் பிறந்ததே என்பது எமது துணிபு.

உலகியற் பதவியளிக்க மன்னர் உடன்படாமையால், ஈற்றில் 1615இல் டன் குருப்பட்டம் பெற்றார். வாழ்வு ஒருவாறு நிமிர்ந்த வேளையில் மற்றொரு துயரம் நேர்ந்தது. 1617ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், பன்னிரண்டாம் மகப்பேற்றின்போது குழந்தை இறந்தே பிறக்க, ஐந்து நாட்களின் பின் ஆன் உயிர் நீத்தார். அவருக்கு அப்போது முப்பத்துமூன்று வயதளவே. தம் பொருட்டுச் செல்வமும் சுற்றமும் துறந்து வந்த அம்மையாரின் பிரிவு டன்னின் உள்ளத்தை முற்றாக இறைவன்பால் திருப்பிற்று. அவர் மீண்டும் மணஞ் செய்யவில்லை.

1621இல் அவர் இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் டீன் எனப்படும் தலைமைக் குருவானார். அவர் பிரசங்கங் கேட்க மக்கள் திரண்டனர். இன்று கிடைக்கும் பிரசங்கங்கள் ஏறத்தாழ 160. இக்காலத்து நிகழ்ச்சியொன்று எம் நெஞ்சைத் தொடுவது. அவருடைய தாயார் இறுதிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். முதுமையில் அத்தாயாரைத் தம் இல்லத்திலேயே வைத்து டன் பேணினார். ஆங்கிலத் திருச்சபையின் தலைமைக் குரு இல்லத்திலே, அச்சபையை ஏற்காத அன்னை தம் வழிபாட்டோடு வாழ்ந்து மகனுக்குச் சில திங்கள் முன்னர்க் கண்ணை மூடினார்.

1623ஆம் ஆண்டின் இறுதியில் கொடிய காய்ச்சலொன்று டன்னைப் பற்றிற்று. சாவின் வாயிலிலே கிடந்தபடியே, நோயின் ஒவ்வொரு படியையும் பொருளாகக் கொண்டு இருபத்துமூன்று பகுதிகளாகத் தியானங்கள் எழுதினார். 1624இல் அவை நூலாயின. அதன் பதினேழாம் பகுதியே இன்று உலகெங்கும் அவர் பெயரைக் கொண்டு செல்வது. அயலிலுள்ள ஆலயத்திலே சாமணி ஒலிக்கின்றது. இறந்தவர் யார் என அறிய விழைகின்றது நோயாளியின் மனம். பின்னர் அது சிந்திக்கின்றது: மானிடர் யாவரும் ஒரே நிலப்பரப்பின் கூறுகளாயின், ஒரு மண்கட்டி கரைந்தாலும் அந்நிலம் குறைவுபடும்; ஆகவே எவர் இறப்பும் நம் இழப்பே; யாருக்காக ஒலிப்பினும் அம்மணி நமக்காகவுமே ஒலிக்கின்றது. இதனை எழுதியவர் தம்பியையும் மனைவியையும் பிள்ளைகள் பலரையும் பறிகொடுத்தவர் என்பதை நினையுந்தோறும் இச்சிந்தனையின் கனம் நமக்குப் புலனாகும்.

1631ஆம் ஆண்டு மாசி மாதத்தில், எலும்புந் தோலுமான உடலோடு அரண்மனையிலே சார்ள்ஸ் மன்னர் முன் இறுதிப் பிரசங்கஞ் செய்தார். தம் சாவுப் பிரசங்கத்தைத் தாமே செய்தார் எனக் கேட்டோர் கருதினர். பின்னர்ப் பிணச்சீலை போர்த்து நின்று தம் உருவத்தை வரையச் செய்து, அப்படத்தைப் படுக்கையருகில் வைத்துப் பார்த்தவாறே பங்குனி 31ஆம் நாள் உயிர் நீத்தார். அப்படத்தைத் தழுவி நிக்கலஸ் ஸ்ரோன் செதுக்கிய பளிங்குச் சிலை பேராலயத்தில் நிறுவப்பட்டது. 1666இல் இலண்டன் மாநகரைத் தீ விழுங்கியபோது பழைய பேராலயம் அழிந்தது. டன்னின் சிலை ஏறத்தாழப் பழுதின்றித் தப்பிற்று. புதிய பேராலயத்திலே, தீயின் கருமை படிந்த தாழிமேல், அஃது இன்றும் நிற்கின்றது.

இனி அவர் கவிதையின் இயல்பைக் காண்போம். அக்காலக் காதற் கவிஞர் பலர் காதலியின் கண்ணை விண்மீனுக்கும் கன்னத்தை ரோசாவுக்கும் ஒப்பிட்டு அமைந்தனர். டன் அவ்வழியிற் செல்லவில்லை. பிரியுங் காதலர் இருவரை அவர் நம் மாணவர் கையிலுள்ள கவராயத்துக்கு ஒப்பிட்டார். ஒரு கால் நடுவிலே ஊன்றி நிற்க, மறுகால் சுற்றி வருகின்றது. சுற்றுங்கால் விலகும்போது நிற்குங்கால் அதனை நோக்கிச் சாய்கின்றது. அது மீளும்போது நிமிர்கின்றது. நிற்குங்கால் உறுதியாய் நிற்பதாலன்றோ வட்டம் நிறைவுறுகின்றது! முதலில் விந்தையாய்த் தோன்றும் உவமை, முடிவிலே இதனின் வேறொன்று பொருந்தாது என நம்மைச் சொல்லச் செய்யும். தெள்ளுப்பூச்சியும், நிலப்படமும், இரசவாதமும், சட்ட நுணுக்கமும் அவர் கையிலே காதலுக்கும் பத்திக்கும் கருவியாயின. செய்யுளோசையும் பாடும் ஓசையன்று. எதிரில் நிற்பவரோடு வாதாடும் ஒருவரின் பேச்சோசை. பெண்டிரை இழித்துரைக்கும் பாடல்கள் சிலவும், வேண்டுமென்றே பொருளை முடிச்சிட்டு வைக்கும் பாடல்கள் சிலவும் அவரிடம் உள. அவற்றை மறைத்தல் நேர்மையாகாது.

அவர் கவிதைகள் 1633இல், இறந்த இரு ஆண்டுகளின் பின்னரே, நூலுருப் பெற்றன. 1669வரை பன்முறை மீண்டும் அச்சாயின. அவர் வாழ்ந்த காலத்திலேயே பிறநாட்டார் ஒருவர் அவரைப் போற்றினார்: ஒல்லாந்தக் கவிஞர் ஹொய்கென்ஸ் இலண்டனிலே டன்னைச் சந்தித்துப் பழகி, பின் அவர் கவிதைகள் சிலவற்றைத் தம் மொழியிற் பெயர்த்தார். 1640இல் ஐசாக் வோல்ற்றன் எழுதிய வாழ்க்கை வரலாறு டன்னின் நினைவைப் பேணிற்று. ஆயின் காலச்சுவை மாறிற்று. தெளிவும் ஒழுங்கும் விரும்பிய டிறைடன், மெல்லிய காதலைப் பேசுமிடத்தும் டன் தத்துவ நுணுக்கங்களைப் புகுத்துகின்றார் எனக் குறை கூறினார். சாமுவேல் ஜோன்சன் 1779இல் இவரையும் இவர் வழியினரையும் தத்துவக் கவிஞர் எனப் பெயரிட்டு, ஒவ்வாப் பொருள்களை வலிந்து பிணைப்பவர் என்றார். ஏளனமாகச் சூட்டப்பட்ட அப்பெயரே நாளடைவிற் பெருமைக்குரிய பெயராயிற்று. இடைக்காலத்திலே கோல்றிட்ஜ், பிறவுணிங் போன்ற சிலரே டன்னின் அருமையை உணர்ந்திருந்தனர்.

1912இல் ஸ்கொத்லாந்துப் பேராசிரியர் கிறியர்சன் கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கி டன்னின் கவிதைகளைச் செம்பதிப்பாக வெளியிட்டார். 1921இல் அவர் தொகுத்த தத்துவக் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதிய ரி. எஸ். எலியற், டன்னிடத்திலே சிந்தனையும் உணர்ச்சியும் பிரியாது நின்றன எனவும், பின்வந்தோரிடம் அவை பிளவுற்றன எனவும் வாதித்தார். முதலாம் உலகப் போரின் அழிவைக் கண்டு பழைய நம்பிக்கைகள் தகர்ந்து நின்ற தலைமுறைக்கு, உலகக் காட்சி சிதைந்த காலத்திலே வாழ்ந்த டன் உடன்பிறந்தார்போலத் தோன்றினார். ஆங்கிலம் கற்பிக்கப்படும் நாடெங்கும் பல்கலைக்கழக வகுப்புகளில் அவர் பாடல்கள் இடம்பெற்றன.

அவர் செல்வாக்கு வகுப்பறையோடு நிற்கவில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பொருளாகக் கொண்டு ஹெமிங்வே 1940இல் வெளியிட்ட நாவலுக்குத் தலைப்புத் தந்தது டன்னின் நோய்ப் படுக்கையிலே கேட்ட மணியோசையே. அந்நாவல் வழியாக டன்னை அறிந்தவர்களுள் ஒருவர் லெனின்கிராட்டிலே வாழ்ந்த இளைஞர் ஜோசப் பிறொட்ஸ்கி. 1963இல் அவர் டன்னின் துயிலைப் பாடும் நீண்ட இரங்கற்பா இயற்றினார். அடுத்த ஆண்டிலே சோவியத் நீதிமன்றம் அவரை வேலையற்ற வீணர் எனத் தண்டித்து வடபுலத்துக்கு அனுப்பிற்று. டன்னின் பாடல்களை உருசிய மொழியிற் பெயர்த்த அவருக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. 1945இல் பெல்சன் வதைமுகாமில் எஞ்சியோர் முன் இசைத்துத் திரும்பிய பெஞ்சமின் பிறிற்றன், டன்னின் தெய்வப் பாடல்கள் ஒன்பதுக்கு இசையமைத்தார். அவ்வாண்டிலேயே நியூ மெக்சிக்கோவில் முதல் அணுக்குண்டைச் சோதித்தபோது, கீதையையும் கற்றவராகிய ஓப்பன்ஹைமர் அச்சோதனைக்குத் திரித்துவம் எனப் பெயரிட்டார். டன்னின் பாடல்கள் அப்போது தம் மனத்திலிருந்தன எனப் பிற்காலத்தே கடிதமொன்றில் அவர் குறிப்பிட்டார். அமெரிக்கத் துறவி தோமஸ் மேட்டன் 1955இல் வெளியிட்ட நூலின் பெயரும் டன்னின் பதினேழாம் தியானத்தினின்று பெற்றதே. அத்துறவி 1968ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டுக்கு வந்து, பொலநறுவைக் கற்சிலைகளின் முன் நின்று உள்ளம் உருகியவர் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. 1999இல் புலிற்சர் பரிசு பெற்ற அமெரிக்க நாடகமொன்றிலே, புற்றுநோயால் இறக்கும் பேராசிரியைக்குத் துணை நிற்பனவும் டன்னின் பாடல்களே.

சிறையிடப்பட்டவர், வதைமுகாம் கண்டவர், அழிவுக் கருவி செய்தவர், துறவி, நோயாளி ஆகிய இவர்களை ஒரு கவிஞர்பால் ஈர்த்தது எது? டன் ஆறுதல் வார்த்தைகளை மலிவாக வழங்கியவரல்லர். ஐயத்தை ஐயமாகவும், அச்சத்தை அச்சமாகவும் கூறி, அவற்றோடு வாதாடி, அவற்றினூடே அன்பையும் இறைவனையும் தேடியவர். தேடல் மெய்யானதாதலின், தேடுவோர் எச்சமயத்தாராயினும் எந்நாட்டாராயினும் அவரைத் தம்மவராகக் கொள்கின்றனர்.

எமது இளைய மாணவர்க்கு ஒரு சொல். டன் விரும்பிய பதவி கிட்டவில்லை. அதனை இழந்தமையால் தம் வாழ்வு கெட்டதென்று அவர் பலகாலும் வருந்தினார். எகேட்டனின் கீழ் அவர் உயர்ந்திருப்பின், இன்று பழைய ஏடுகளில் மாத்திரம் காணும் அலுவலர் பெயர்களுள் ஒன்றாகவே அவர் பெயரும் இருந்திருக்கும். பரீட்சையும் பதவியும் வேண்டப்படுவனவே. அவை கைகூடாதவிடத்து வாழ்வு முடிந்துவிட்டதென எண்ணற்க. நண்பர் சிலருக்கென எழுதிய தாள்களும், நோய்ப்படுக்கையிலே கேட்ட ஒரு மணியோசையும் நான்கு நூற்றாண்டுகள் கடந்து வாழ்கின்றன. அவரைப் பதவியினின்று நீக்கிய எகேட்டனைக் கற்றோர் இன்று நினைப்பதும் பெரும்பாலும் டன்னின் வரலாற்றைப் படிக்கும்போதே.